கல்யாணமாகாதவளின் சேலை

அண்ணே, நீ பொய் சொல்லி அக்காவின் சேலையைக் கொடுத்திருக்கிறாய்.

ஜார்ஜ்டவுன் வீட்டை அருங்காட்சியகமாக்க நானும்தான் கையெழுத்துப் போட்டேன். கூரை ஒழுகியது, நம்மால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் சாமி அறையில் இருந்த மரப்பெட்டியைக் கொடுக்க நான் சம்மதிக்கவில்லை.

உனக்குத் தெரியும், இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா பதினேழு வயதில் காய்ச்சலில் செத்தாள். அன்றிலிருந்து அவள் நம் வீட்டுக் கன்னித் தெய்வம். அம்மா இருந்தவரை ஒவ்வொரு தையிலும் அவளுக்குப் புதுச் சேலை வைத்துக் கும்பிடுவார். பிறகு மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைப்பார். அதை யாரும் உடுத்தக் கூடாது. ஆசையில் ஒருமுறை பிரித்துப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன். அக்காவுக்கு ஒரு படம்கூட இல்லை. அந்தப் பெட்டிதான் அவள்.

போன வாரம் பட்டர்வொர்த்திலிருந்து கடல் தாண்டும் ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுன் போனேன். நான் பிறந்த வீட்டு வாசலில் என் சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். மாடியில் அப்பா படுத்துக் கிடந்த அறை இப்போது மணமகள் அறை. கட்டிலருகே ஒரு பொம்மை. முதல் வருடம் அம்மா வைத்த அரக்குச் சேலையை அதற்குக் கட்டியிருந்தார்கள். கழுத்தில் கவரிங் தாலி.

முந்தானையைத் தொட்டேன். வழிகாட்டிப் பெண் ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, தொடாதீங்க லா. கல்யாணச் சேலை அது."

"யாரோட கல்யாணம்மா?"

"இந்த வீட்டு அம்மாவோடது. அவங்க மகன்தான் சொன்னாரு."

"இந்தச் சேலைக்காரிக்குக் கல்யாணமே ஆகல."

அவள் சிரித்தாள். "அப்புறம் எதுக்கு ஆன்ட்டி தாலி?"

நான் கீழே இறங்கினேன். படியில் உட்கார்ந்து உனக்குப் போன் செய்தேன்.

"உனக்கு வேற வேலை இல்லையா? கல்யாண ரூமுக்கு ஒரு சேலை கேட்டாங்க. அம்மாவோடது எல்லாம் நைஞ்சு போச்சு. இதுதான் புதுசு மாதிரி இருந்துச்சு" என்றாய்.

"யாரும் கட்டாத சேலைண்ணே. அதான் புதுசா இருக்கு."

"செத்தவளுக்கு வச்சதுன்னு சொன்னா எவன் லா வந்து பாப்பான்?"

நான் போனை வைத்துவிட்டேன். திரும்பி மேலே போய் அக்காவைப் பார்க்கத் தைரியம் இல்லை. வரும் தையில் எதன் முன்னால் விளக்கேற்றுவது என்றும் தெரியவில்லை.

அடுத்த மாதம் அந்த வீட்டில் விழாவாம். நீ மேடையேறிப் பேசுகிறாயாம். சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள், நானும் வருவேன். அம்மாவின் கல்யாணக் கதையெல்லாம் வேண்டாம். அந்தப் பொம்மைக்குக் கட்டியிருப்பது யாருடைய சேலை, அதை யாரைக் கேட்டு எடுத்தாய்? மைக்கில் சொல், எல்லார் காதிலும் விழட்டும்.