கட்டியைக் கண்ணால் பார்த்தவர்

சர்க்கரைத் துண்டைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டுதான் ஸ்டெய்ன்வோர் காப்பி குடிப்பார். அதக்கிக்கொண்டேதான் பேசவும் செய்வார். எங்கள் அறைக்குள்ளும் அப்படித்தான் வந்தார். ஆட்டுப் பண்ணை நடத்தும் பெண்மணி. கம்பளிச் சட்டையில் வைக்கோல், நகக்கண்ணில் அயோடின் கறை. மே மாதம் ஆடுகள் குட்டி போடும் காலம். ஐஸ்லாந்தின் வடக்கே அப்போது பண்ணையை விட்டு யாரும் நகரமாட்டார்கள். "சீக்கிரம் முடி பொண்ணே, ஆடுங்க நோவுல நிக்குது" என்றார் என்னிடம்.

நான் அந்த ஆஸ்பத்திரியின் மார்பகப் பிரிவில் செவிலி. பயாப்சிக்கு வருகிறவர்களிடம் என்ன நடக்கப்போகிறது என்று சொல்வது என் வேலை. பலர் தலையாட்டுவார்கள், ஒன்றும் காதில் ஏறியிருக்காது. ஸ்டெய்ன்வோர் குறுக்கே குறுக்கே கேட்டார். ஊசி எவ்வளவு தடிமன்? ஒரு தடவை குத்தினால் போதாதா? குத்தினால் கட்டி பரவிவிடும் என்று பக்கத்துப் பண்ணை ஹ்ரெப்னா சொல்கிறாளே, நிஜமா? அந்தப் பயம் வேண்டாம் என்றேன். மரத்துப்போக மருந்து ஏற்றும்போது சுரீரென்று எரியும், அப்புறம் அழுத்துவது மட்டும்தான் தெரியும் என்றேன். கடைசியில், சதை எடுக்கும் கருவியை வெறுங்காற்றில் ஒருமுறை அழுத்திக் காட்டினேன். 'டக்'கென்ற அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லோரும் திடுக்கிடுவார்கள்.

அவர் சிரித்தார். "குட்டி காதுல அடையாளம் குத்துற இடுக்கி மாதிரியே இருக்கு. அதுங்க கத்தும். நான் கத்தமாட்டேன்."

படுத்ததும் ஸ்கேன் திரையைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். சுவரைப் பார்த்துக்கொள்கிறவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். டாக்டர் திருப்பிவைத்தார். சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்பாக அந்தக் கட்டி. அதை நோக்கி வெள்ளைக் கோடாக நகரும் ஊசி. "அதோ போகுது" என்றார் ஸ்டெய்ன்வோர், யாருடைய உடம்பையோ பார்ப்பதுபோல. முகத்தில் ஒரு சலனமில்லை. என் விரல்கள் அவர் பிடிக்குள் நசுங்கிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

முடிந்ததும், எடுத்ததைக் காட்டு என்றார். குப்பியைக் கொடுத்தேன். திரவத்தில் சேமியா இழைகள்போல வெளுத்த சதைத் துணுக்குகள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனூண்டுதானா? இதுக்குப் பயந்துதான் குளிர்காலம் பூரா அந்தப் பக்கம் கை வைக்காம இருந்தேன்."

பனிக்கட்டிப் பையை மார்பில் வைத்து அழுத்தினேன். இன்றைக்குப் பளுவான எதையும் தூக்கக் கூடாது என்றேன். அவர் கம்பளிச் சட்டையை மாட்டத் தொடங்கிவிட்டார். முடிவு கேட்க வந்தபோது குத்திய இடம் ஊதாவும் மஞ்சளுமாகக் கன்றியிருந்தது. ஊசி குத்திய அன்று மாலையே ஓர் ஆட்டுக்குப் பிரசவம் பார்த்தாராம். "ஒரு கையாலதான்" என்றார்.

புற்றுநோய்தான். டாக்டர் மெதுவாகச் சொன்னார்: கட்டி சின்னது, எடுத்துவிடலாம், கதிர்வீச்சுச் சிகிச்சையும் தேவைப்படும். ஸ்டெய்ன்வோர் கன்னத்தில் இருந்த சர்க்கரையை விழுங்கினார். கோடை மேய்ச்சலுக்கு ஆட்டை மலைக்கு ஓட்டுவதற்கு முன்னால் கட்டியை அறுப்பீர்களா, பின்னாலா என்று மட்டும் கேட்டார். முன்னால்தான் அறுத்தார்கள். இலையுதிர் காலத்தில் மந்தையைத் திரும்ப ஓட்டிவர அவரே குதிரையேறி மலைக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

பனி விழத் தொடங்கிய பின் ஹ்ரெப்னாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார். இப்போது ஹ்ரெப்னாவுக்குக் கட்டி. வராந்தா நாற்காலியில் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார் அவர். நான் சொன்னது எதுவும் உள்ளே போகவில்லை. "நான் வீட்டுக்குப் போறேன்" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்டெய்ன்வோர் அவர் எதிரே வந்து நின்றார். போகிறவர் வருகிறவர் யாரையும் பார்க்கவில்லை. கம்பளிச் சட்டையைத் தாடை வரை தூக்கினார். ஹ்ரெப்னாவின் கையை எடுத்துத் தன் தழும்பின்மேல் வைத்து, அதன்மேல் தன் கையையும் வைத்துக்கொண்டார்.

ஹ்ரெப்னாவின் மறு கை மெல்ல மேலங்கியின் பொத்தானைத் தேடியது.