ஹத்து சுற்றிப்போன ஊர்

ஹத்து பேசிக்கொண்டே நடப்பவன். ம்கூன் மலையின் செங்குத்தான ஏற்றத்தில் அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டே கணவாயைத் தாண்டிவிட்ட வெளிநாட்டுக்காரர் ஒருவர், அந்தப் பக்கம் இறங்கி உட்கார்ந்து, "ஏத்தம் எப்ப வரும்?" என்று கேட்டாராம். பாதி பொய்யாக இருக்கலாம். ஆனால் அவன் ஊரில் யாரும் அதை மறுத்ததில்லை.

அவன் வேலை அதுதான். மலையில் கோவேறு கழுதைகளில் மூட்டையேற்றிக்கொண்டு பயணிகளை நடத்திக் கூட்டிவருவான். அடிவாரத்தில் புஜ்மா என்ற டிரைவர் வேனோடு காத்திருப்பான். அங்கிருந்து திரா ஆற்றோரமாகப் பேரீச்சந்தோப்புகள் வழியே தெற்கே இறங்கி, கடைசியில் மணற்குன்றுகளின் காலடியில் ஒட்டகக்காரர்களிடம் அவர்களை ஒப்படைத்துவிட்டு ஹத்து திரும்புவான்.

மஹ்ஜூபாவை அவன் முதன்முதலில் பார்த்தது அப்படி ஒரு தோப்பில்தான். பயணிகள் நிழல் கண்ட சந்தோஷத்தில் போட்டோ எடுக்கப் பரவி நின்றார்கள். தோப்புக்குள்ளிருந்து கறுப்புப் போர்வையும் கையில் அரிவாளுமாக ஒரு பெண் வந்தாள்.

"ஏய்யா, உன் ஆடுங்கள வரப்புல ஓட்டத் தெரியாதா? குதிரைமசால் தீவனம் பூரா மிதிபடுது."

"ஆடு இல்லம்மா, ஜெர்மனிக்காரங்க."

"நின்னு மேயிற மாதிரில்ல இருக்கு."

ஹத்து கையைத் தட்டி எல்லாரையும் வரப்புக்கு ஏற்றினான். அதன்பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அந்தத் தோப்பில்தான் மதியச் சாப்பாடு. அவள் ஒவ்வொரு முறையும் ஏதாவது திட்டினாள். திட்டு தாமதமானால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

இரண்டு வருஷம் கழித்து, வழக்கப்படி நீலக் காகிதம் சுற்றிய சர்க்கரைக் கூம்புகளோடு மாமாவைப் பெண் கேட்க அனுப்பினான். மஹ்ஜூபாவின் அப்பா ஹாஜி லஹ்பீப் தேநீர் கொடுத்தார், மலையில் மழை எப்படி என்று விசாரித்தார், கடைசியில் சர்க்கரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பையனப் பத்திக் கொறை ஒண்ணும் இல்ல. ஆனா வருஷத்துல பாதி நாள் கூடாரத்துல படுக்கிறவன். என் பொண்ணுக்குப் புருஷன் வேணும், வழிப்போக்கன் வேணாம்."

அந்த வருஷமே அவளை ஸகோராவில் ஒரு பேரீச்சை வியாபாரிக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஹத்துவுக்குச் சேதி மட்டும் வந்தது. அதோடு அந்த ஊர்ப் பக்கம் போவதையே விட்டான். நல்ல தார்ச்சாலை ஹாஜி வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. அவன் வேனை ஆற்றின் எதிர்க்கரைக் கல்பாதையில் விடச் சொன்னான்.

"ரோடு இருக்கறப்ப எதுக்கண்ணே இந்தப் பள்ளத்துல விடச் சொல்ற? வண்டிக்கு முதுகெலும்பே போச்சு" என்பான் புஜ்மா.

"அந்தக் கரையிலதான் பறவை ஜாஸ்தி. இவங்களுக்குப் பறவைன்னா உசுரு."

பயணிகள் பாவம், தொலைநோக்கியை எடுத்து வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டே வருவார்கள். புஜ்மாவுக்கு விஷயம் தெரியும். அதனால் குருவி ஒன்றைக் கண்டாலும் வண்டியை நிறுத்தி, "அண்ணே, உன் பறவை" என்று காட்டுவான்.

இப்படியே ஆறேழு வருஷம் ஓடியது. வீட்டில் எத்தனையோ பெண் பார்த்தார்கள். ஹத்து ஒவ்வொரு தடவையும் மலைக்கு ஆள் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது என்று நழுவினான்.

பேரீச்சை அறுவடைக் காலத்தில் ஒருநாள். வானம் சுத்தமாக இருந்தது. ஆனால் வடக்கே மலையில் கொட்டிய மழை, மதியத்துக்குள் காட்டாறாக வந்து எதிர்க்கரைப் பாதையை அப்படியே வாரிக்கொண்டு போனது. வேறு வழியில்லாமல் தார்ச்சாலைக்கு வந்தார்கள். ஹாஜியின் ஊரைத் தாண்டியதும் அங்கேயும் சாலையின் குறுக்கே செந்தண்ணீர் சுழித்துப் போனது.

"முழங்காலளவுதான் அண்ணே. ஒரே மிதி, தாண்டிரலாம்" என்றான் புஜ்மா. பயணிகளில் சிலர் மணற்குன்றைப் பார்த்துவிட்டு விமானத்தைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில் தலையாட்டினார்கள்.

ஹத்து சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். "இந்தத் தண்ணி எங்க ஊர்லருந்து வருது. இதோட கொணம் எனக்குத் தெரியும். வண்டியத் திருப்பு."

திருப்பினால் போக்கிடம்? பதினோரு பேரும், மூட்டைகளும், வயிற்றுவலியில் சுருண்டு கிடந்த ஓர் அம்மாவும். அத்தனை பேருக்கு இடமுள்ள வீடு அந்த ஊரில் ஒன்றுதான். புஜ்மா அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். கேலி செய்யாமல் அவன் இருந்தது ஹத்துவுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

கதவைத் தட்டிவிட்டு ஹாஜிக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றான். திறந்தது மஹ்ஜூபா. ஸகோராவிலிருந்து விவாகரத்து வாங்கிக்கொண்டு திரும்பி மூன்று வருஷமாகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஊர்ப் பேச்சு எதையும் தன் காதில் போடக்கூடாது என்று அவன்தான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

அவள் அவனைப் பார்த்தாள், பின்னாலிருந்த கூட்டத்தைப் பார்த்தாள்.

"எதிர்க்கரையில தண்ணி வந்தாத்தான் இந்தக் கரை ஞாபகம் வருமா? உள்ள வா. அந்த அம்மாவ மொதல்ல படுக்க வையி."

வழி திறக்க மூன்று நாளாயிற்று. ஹாஜி முகம் சுளிக்கவில்லை. முதல் நாளே ஆட்டை அறுத்தார். பயணிகள் மறுநாள் தோப்பில் விழுந்த பேரீச்சையைப் பொறுக்கினார்கள். விமானத்தைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம் பொறுக்கினார்கள். வயிற்றுவலி அம்மாவுக்கு ஹத்து கஞ்சி வைத்துக் கொடுத்ததையும், எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சமிருந்த ரொட்டியோடு அவன் உட்கார்ந்ததையும் ஹாஜி திண்டில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மலை என் தோப்புக்குள்ள வந்து நிக்குது, பாத்தியா?" என்றார் ஒருமுறை, சேற்றைக் காட்டி.

"வண்டல் நல்லதுதானே ஹாஜி."

"நல்லதுதான். வர்ற விதந்தான் சரியில்ல."

மூன்றாம் நாள் மஹ்ஜூபா குதிரைமசால் அறுத்துக்கொண்டிருந்தாள். ஹத்து வரப்பிலேயே நின்றான்.

"மலையில வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டாள், நிமிராமல்.

"அம்மா இருக்கா. கழுதைங்க இருக்கு."

"கழுதைங்கள நான் கேக்கல."

"வேற யாரும் இல்ல."

அவள் அறுத்த கட்டைக் கயிற்றால் இறுக்கினாள். "அப்ப சர்க்கரை வாங்கிட்டு வா. இந்தத் தடவ அப்பாகிட்ட குடுக்காத. என்கிட்ட குடு."

ஹத்துவின் கால் தானாக வரப்பை விட்டு இறங்கிவிட்டது. "மிதிக்காத" என்றாள் அவள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னதாக அவன் இன்றைக்கும் சாதிப்பான்.

அவள் சொன்னதை ஹாஜியிடம் சொன்னபோது அவர் தாடியைத் தடவினார். "மொதல்ல என் பேச்சக் கேட்டுப் போனா, அழுதுட்டுத் திரும்பி வந்தா. இப்ப அவ பேச்சு. நான் தேநீர் மட்டும் ஊத்துறேன்."

கல்யாணம் முடிந்து ஹத்து அந்த ஊரிலேயே குடியேறினான். சீசனில் மலைக்குப் போய்விடுவான் என்பது ஒப்பந்தம். அவன் இல்லாத நாட்களில் தான் நிம்மதியாகத் தூங்குவதை மஹ்ஜூபா அக்கம்பக்கத்தில் சொல்லிக் காட்டுவாள். அவன் வருகிற நாளில் மட்டும் காலையிலிருந்தே சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பயணிகளைத் தோப்புக்குள் கூட்டிப்போவது பிறகு அவள் வேலையானது. மொழி தெரியாமலே எல்லாரையும் வரிசையாக நடக்க வைப்பாள்.

பேத்தி பிறந்த வருஷம் ஹாஜிக்கு ஓர் ஆசை வந்தது. எழுபது வயது வரை, ஹஜ் போனது போக, தோப்பையும் சந்தையையும் தவிர எதையும் பார்த்ததில்லை.

"ஊர் உலகத்தையெல்லாம் மலைக்குக் கூட்டிட்டுப் போறியே. நான் என்ன பாவம் பண்ணேன்?"

ஹத்து அவரை வேனில் ஏற்றி, அடிவாரத்தில் இருக்கிறதிலேயே சாதுவான கோவேறு கழுதையில் உட்கார வைத்தான். வழியெல்லாம் ஒரே புகார். காற்று ஜில்லென்று இருக்கிறது, பாதை கோணலாக இருக்கிறது, பார்லி ரொட்டி தொண்டையில் நிற்கிறது. கழுதை பள்ளத்தின் விளிம்பிலேயே நடக்கிறது என்று அதற்கும் திட்டு. ஊருக்கு வந்து ஹத்துவின் வீட்டு முன்னால் ஒரு வாதுமை மரத்தடியில் இறக்கிவிட்டார்கள். அன்று மாலையே வாய்க்கால் தண்ணீர் விடும் முறைவைப்பில் ஊர்க்காரர்கள் செய்கிற தப்பை அவர் கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் காலை அவர்களோடு சண்டை. மத்தியானம் அதே ஆட்களோடு தேநீர்.

ஒரு வாரம் கழித்து அடுத்த பயணிகளோடு ஹத்து, ஹாஜி இல்லாமல் தெற்கே இறங்கி வந்தான். மஹ்ஜூபா வேனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பாவ எங்க விட்டுட்டு வந்த?"

"கூப்பிட்டேன். வரமாட்டேங்கறாரு."

"என்னாச்சு அவருக்கு?"

"ஒண்ணும் ஆகல. மேல்வாய்க்கால்காரன்கூட சண்டை பாக்கி இருக்காம். முடிச்சுட்டுத்தான் வருவாராம்."

மஹ்ஜூபா வடக்கே மலையைப் பார்த்தாள். "போர்வையாவது ஒண்ணு சேத்துக் குடுத்துட்டு வந்தியா?" என்று கேட்டாள்.

"ரெண்டு குடுத்தேன்" என்றான் ஹத்து.