சிவப்பு ஒயரில் மாட்டிய கொலுசு

எனக்குச் சின்ன வயதில் கை சும்மாவே இருக்காது. எட்டாம் வகுப்பில் மின்முலாம் பூசும் பாடத்தை நடத்தினாலும் நடத்தினார்கள், வீட்டில் ஒரு சாமான் தப்பவில்லை. படப்பைக் கடைத்தெருவில் மயில்துத்தம் வாங்கி வந்து தண்ணீரில் கரைத்து, அப்பாவின் பழைய பைக் பேட்டரியைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். சிவப்பு ஒயரில் செம்புத் துண்டு, கறுப்பு ஒயரில் கரண்டி. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கரண்டிமேல் போய் ஒட்டிக்கொள்ளும். கரண்டி செக்கச்செவேலென்று வெளியே வந்ததும் நான் போட்ட ஆட்டம் இருக்கிறதே! அடுத்து என்ன, அடுத்து என்ன என்று வீட்டையே குடைந்தேன்.

எங்களோடு இருந்த சித்திக்கு இதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. அம்மாவின் தங்கை அவள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில், வண்டி உதிரிபாகங்களைத் தொட்டியில் மாட்டி முலாம் ஏற்றுகிற வேலை. அப்போது அவளுக்கு வாலாஜாபாத் பக்கம் மாப்பிள்ளை பார்த்துப் பூ வைத்தாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்று அவர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள். "வேலய வுட எனக்கு இஷ்டமில்லக்கா" என்று சித்தி சொல்லிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். "எல்லாம் போவப் போவ சரியாப் பூடும்" என்று அம்மா வாயை அடைத்துவிட்டாள்.

முகூர்த்த நாள் குறிக்க அவர்கள் வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை. பூ வைத்த அன்று அவர்கள் போட்ட வெள்ளிக் கொலுசோடுதான் சித்தி வந்து நிற்க வேண்டும். காலையிலிருந்து அவள் உட்காரவே இல்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். திடீரென்று கொல்லைக்கு வந்து ஒற்றைக் கொலுசை என் கையில் வைத்தாள்.

"இத்த மாட்டு. பளிச்சுனு ஆவட்டும்."

நான் கறுப்பு ஒயரை எடுத்தேன்.

"அதுல இல்ல, சேப்புல மாட்டு."

"புக்குல கறுப்புன்னுதான் போட்டுக்கீது சித்தி."

"தெனம் மாட்றவ நானா, உன் புக்கா?"

கம்பெனிக்காரி சொல்லிவிட்டாள், அப்புறம் அப்பீல் ஏது? கறுப்பில் கரண்டியை மாட்டி, கொலுசைச் சிவப்பிலேயே மாட்டினேன். மாட்டின கையோடு, பூ வாங்கி வரச் சொல்லி என்னைக் கடைக்கு விரட்டினாள். நான் அந்தக் கடை, இந்தக் கடை என்று அலைந்து திரும்பி வந்து தூக்கிப் பார்த்தால், ஐயோ! கொலுசு கறுத்து, அரித்து, கையில் எடுக்கும்போதே இரண்டாக அறுந்து விழுந்தது.

"பூ வச்ச கொலுசுடி அது! இன்னாடி பண்ணி வச்சிகீற!" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அடுத்த அடிக்குள் சித்தி குறுக்கே வந்துவிட்டாள். "புள்ளய அடிக்காத, நான்தான் குடுத்தேன்."

மாப்பிள்ளையின் அம்மா கண்ணில் முதலில் பட்டது ஒற்றைக் கொலுசுதான். என்ன ஏது என்று கேட்டார்கள். அம்மா வேறு வழியில்லாமல் அறுந்த துண்டுகளை எடுத்துக் காட்டினாள். அவர்கள் போட்ட வெள்ளி, நாள் குறிக்கிற அன்றைக்கே கறுத்து அறுந்துபோனதென்றால் எந்த வீட்டில் பொறுப்பார்கள்? கை நனைக்காமலே எழுந்து போனார்கள். இரண்டு நாளில், சகுனம் சரியில்லை, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தகவல் வந்துவிட்டது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. சித்தியின் வாழ்க்கையை நான்தானே பாழாக்கினேன்! அவளோ வழக்கம்போலப் பவுடர் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள். மனசுக்குள் எவ்வளவு வேதனையோ என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவளோடு பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாய்விட்டே வேண்டினேன்: "சாமி, என்னாலதான் கல்யாணம் நின்னு போச்சு. சித்திக்கு இதே மாதிரி இன்னொரு நல்ல எடத்தச் சீக்கிரமாக் காட்டு."

சித்தி பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். "வாயக் கழுவுடி மொதல்ல!" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் உடம்பெல்லாம் குலுங்கியது. பாவம், துக்கம் தாங்கவில்லை போலும் என்று நானும் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.