வெள்ளியங்கிரிக் கவுண்டரின் முக்காலி

வெள்ளியங்கிரிக் கவுண்டருக்கு ஊர் சுற்றிப் படம் எடுக்கும் ஆசை வந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷமோ முப்பத்தேழாம் வருஷமோ இருக்கும். மல்லசமுத்திரத்துப் பக்கம் நல்ல கிணறும் கடலைக்காடும் உள்ள பண்ணையம் அவருக்கு. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் பார்த்துவந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றார். இரும்பு அலமாரி வாங்கலாம் என்று மலையேறிப் போன கவுண்டர், துருத்தி வைத்த கேமரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

உடனே கிளம்பியிருக்கலாம். ஆனால் சேலம் கடைவீதியில் ஸ்டூடியோ வைத்திருந்த கந்தவேல், கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வெறும் பெட்டிங்க கவுண்டரே. லென்ஸுதானுங்க உசுரு" என்று சொல்லிவிட்டார்.

மூன்று லென்ஸுகளை மேசைமேல் வைத்தார். அகல லென்ஸ் கொல்லிமலை முழுவதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் படத்தில் மலை, கறையான் புற்று அளவுக்குத்தான் இருக்கும். நடு லென்ஸ் கண்ணுக்குத் தெரிகிறபடியே காட்டும். அதற்குக் கண்ணே போதுமே என்று கவுண்டருக்குத் தோன்றியது. மூன்றாவது, நெய்த் தூக்குப் போல நீளமானது. தூரத்து மலையில் இருக்கும் ஒரே ஒரு பாறையைக் கொண்டுவந்து மூக்குக்கு முன்னால் நிறுத்தும். மலைக்கு எது பொருத்தம் என்று கேட்டால், "அது எடுக்கறவங்க மனசைப் பொறுத்ததுங்க" என்பார் கந்தவேல். கவுண்டரின் மனசு ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு நிலைக்கு வரவில்லை. கடலை பிடுங்க ஆள் வந்து காத்திருக்க, இவர் களத்து மேட்டில் உட்கார்ந்து லென்ஸ் விலைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, மலை என்ன வெள்ளாடா, வேற பக்கம் மேயப் போறதுக்கு?" என்றாள் அவர் மனைவி சௌந்திரம். "மொதல்ல போய் மலையப் பாத்துட்டு வாங்க. கண்ணாடி அப்பறம் வாங்கிக்கலாம்."

"பாக்கறதுக்கா போறேன்? படம் எடுக்கல்ல போறேன்" என்றார் கவுண்டர். கடைசியில் மூன்றையும் வாங்கினார்.

அதற்குப் பிறகு கேமராவை நிறுத்த முக்காலி வேண்டியிருந்தது. கந்தவேலிடம் இரண்டு இருந்தன. ஒன்று மடக்கினால் குடை அளவுக்குச் சுருங்கும் ஜெர்மன் முக்காலி. பிரயாணத்துக்கென்றே செய்தது. மற்றொன்று ஏலத்தில் எடுத்த தேக்கு முக்காலி: ஆள் உயரம், தலையில் பித்தளைத் தட்டு, கால் நுனியில் இரும்புப் பூண். அதைத் தூக்க இரண்டு கையும் ஒரு தோளும் வேண்டும். கவுண்டர் குடை முக்காலியை விரித்துப் பார்த்தார். அது அவர் கண்ணுக்குக் காய்ந்துபோன வெட்டுக்கிளி மாதிரி தெரிந்தது. தேக்கு முக்காலியை விரித்தார். கடையே கொஞ்சம் சின்னதாகிவிட்டது.

"மலைக்காத்துக்கு இதுதானுங்க நிக்கும்" என்றார் கந்தவேல். அந்தக் கனம் அவர் கடையை விட்டுப் போகிற சந்தோஷம் அவர் குரலில் இருந்தது.

முதல் பயணம் சேந்தமங்கலம் தாண்டிக் கொல்லிமலை அடிவாரத்துக்கு. வண்டி ஓட்ட மாரியப்பன் கூடப் போனான். பண்ணையத்தில் வெகுநாள் ஆள், பேச்சு குறைவு, சாப்பாடு நிறைவு. ஒரு சோளக்காட்டு வரப்பில் முக்காலியை நட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கவுண்டர் வெளியே வருவதற்குள், ஊரில் பாதி வரப்பில் நின்றது.

"என்னங்க சாமி பண்றீங்க?" என்று ஒரு பெரியவர் கைகட்டிக்கொண்டு கேட்டார்.

"படம் எடுக்கறனுங்க" என்றார் கவுண்டர்.

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. காடு, வரப்பு, கிணறு எல்லாவற்றையும் அளந்து கிராமத்துப் படம் போட்டால் அடுத்தது நிலத் தீர்வை ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியும். தீர்வையை ஏற்றுவதற்கு அளவுக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று சந்தையில் ஏற்கனவே பேச்சு இருந்தது. முக்காலியும், முன்பு அளவுக்காரர்கள் வரப்பில் நட்டு அவர்கள் பார்த்த முக்காலிதான்.

"யாரு சொல்லி எடுக்கறீங்க?"

"யாரும் சொல்லலீங்க. என்ற சொந்த ஆசைக்குத்தான்."

எந்த அதிகாரி உண்மையைச் சொல்லியிருக்கிறார்? உடனே இளநீர் வந்தது. மத்தியானம் நாட்டுக்கோழிக் குழம்பு வந்தது. கிளம்பும்போது ஒரு தாறு வாழைப்பழம் வண்டியில் ஏறியது. கவுண்டர் நெகிழ்ந்துபோனார். சேலத்துப் படித்தவர்களுக்கு இல்லாத ரசனை இந்தக் காட்டு ஜனங்களுக்கு இருக்கிறதே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். விஷயம் மாரியப்பனுக்கு முதல் இளநீரிலேயே புரிந்துவிட்டது. ஆனால் அவனிடம் யாரும் கேட்கவில்லை. வாயிலும் பழம் இருந்தது.

அடுத்தடுத்த பயணங்களில் கவுண்டர் ஒன்றைக் கவனித்தார். அகல லென்ஸை மாட்டினால் மோர் வருகிறது. நீள லென்ஸை மாட்டினால் கோழி வருகிறது. பெரிய லென்ஸின் அருமையை ஜனங்கள் உணர்கிறார்கள் என்று முடிவுகட்டி மற்ற இரண்டையும் பெட்டியை விட்டு வெளியே எடுப்பதையே நிறுத்தினார். அதனால் அவர் எடுத்த படங்களில் ஒரு பனைமரத்தின் தலை, ஒரு காளையின் பின்பாதி, எங்கோ ஒரு பாறை, மிச்சமெல்லாம் வானம்.

ஏழெட்டு மாதம் இப்படிச் சுகமாகப் போயிற்று. பிறகு ஒரு ஊரில் வெங்கடாசலம் என்ற விவசாயி அவரைத் தனியாக அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அந்தக் கெழக்கு மூலைய உட்டுட்டு, இப்படிக் கொஞ்சம் மேக்கால தள்ளி எடுத்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க."

கிழக்கு மூலை மேய்ச்சல் புறம்போக்கு. அதில் வெங்கடாசலத்தின் பருத்தி இடுப்பளவு நின்றது. கவுண்டர் கறுப்புத் துணிக்குள் போய்ப் பார்த்தார். மேற்கே தள்ளினால் காட்சி உண்மையிலேயே அழகாக இருந்தது. இத்தனை நாளில் இப்படி ஒரு யோசனை சொன்ன ஆளை அவர் பார்த்ததில்லை. வெளியே வந்து வெங்கடாசலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குக் கண்ணு இருக்குதுங்க" என்றார்.

முக்காலி மேற்கே நகர்ந்தது. நகர்ந்த இடம் சின்னுசாமியின் காட்டுக்கு நேர் எதிர். அவருக்கும் வெங்கடாசலத்துக்கும் அந்தப் புறம்போக்கு விஷயமாக ஐந்தாறு வருஷப் பகை. கையைப் பிடித்ததை அவர் பார்த்திருந்தார்.

"அவுங்கிட்ட என்ன வாங்குனீங்க?" என்று வந்து நின்றார்.

"யோசனைதானுங்க வாங்குனேன்" என்றார் கவுண்டர்.

அவ்வளவுதான். சின்னுசாமியின் ஆட்கள் முக்காலியின் ஒரு காலைப் பிடித்தார்கள், வெங்கடாசலத்தின் ஆட்கள் இன்னொன்றை. கேமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கவுண்டர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஊர் மணியக்காரர் வந்து எல்லோரையும் விலக்கி, கவுண்டரை முக்காலியோடு வண்டியில் ஏற்றி நாமக்கல் தாலுகாக் கச்சேரிக்கு அனுப்பிவைத்தார்.

தாசில்தார் பித்தளைத் தட்டைத் துடைத்துப் பார்த்தார். அரசாங்க சர்வே முத்திரை தெளிவாக இருந்தது.

"சர்க்கார் உத்தியோகஸ்தன் என்று சொல்லி ஊர் ஊராகச் சாப்பிட்டிருக்கிறீர்."

"நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க. படம் எடுக்கறேன்னுதானுங்க சொன்னேன்" என்ற கவுண்டருக்கு, அப்போதுதான் எட்டு மாதத்துக் கோழிக் குழம்பும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பையில் இருந்த படக்கட்டை எடுத்து நீட்டினார்.

தாசில்தார் பொறுமையாகப் பார்த்தார். பனைமரத் தலையைப் பார்த்தார். காளையின் பின்பாதியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்கள் சர்வேயர்களில் திறமை குறைந்தவர்களும் உண்டு. ஆனால் இந்த அளவுக்கு இல்லை. நீர் போகலாம்."

விடுதலையானதில் கவுண்டருக்குச் சந்தோஷம் இல்லை. ஜெயிலில் போட்டிருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது. வீடு வந்து சேர்ந்தவர், சௌந்திரம் வைத்த சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். நடந்ததை மாரியப்பன்தான் சொன்னான். சௌந்திரம் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அடுத்த தடவ நானும் வாரேன். பொம்பள கூட இருந்தா சர்க்கார் ஆளுன்னு ஆரும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

அந்த ஆடியில் இருவரும் குமாரபாளையத்துக்குப் போனார்கள். தேக்கு முக்காலியைக் கந்தவேலிடமே தள்ளிவிட்டுக் குடை முக்காலியும் அகல லென்ஸுமாக வந்திருந்தார் கவுண்டர். யாரும் மோர்கூடக் கொடுக்கவில்லை. காவிரி கரை தொட்டு ஓடியது. ஈர மணலில் சௌந்திரத்தை நிறுத்தி, அசையாதே என்று சொல்லிவிட்டு அவர் மனசுக்குள் எண்ணத் தொடங்கினார். எண்ணி முடிப்பதற்குள் முக்காலியின் ஒரு கால் மணலில் இறங்கிவிட்டது.

கழுவி வந்த படத்தில் சௌந்திரம் சாய்ந்து நின்றாள். காவிரி மேடேறி ஓடியது. அதைக் கிழிக்கப் போனார் கவுண்டர். அவள் பிடுங்கிக்கொண்டாள். சட்டம் போட்டு முன்கூடமான ஆசாரத்துச் சுவரில், ஆறு மட்டமாகத் தெரியும்வரை சட்டத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து ஆணி அடித்தாள். வீட்டுக்கு வந்தவர்கள், சட்டம் கோணலாகத் தொங்குகிறது என்று எழுந்து போய் நேராக்குவார்கள். அவர்கள் போன பிறகு அவள் மறுபடியும் சாய்த்துவைப்பாள்.