மூன்று குழம்பு, மூன்று பொட்டலம்

பினாங்கு சூலியா தெருவில், சோற்றின் மேல் பல குழம்புகளைக் கலந்து ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் இன்று வாட்ஸ்அப் வழியாகச் சோறு ஆர்டர் செய்தேன். கடைக்காரரின் மகள் ஷபீனா அமைத்த தானியங்கி முறை அது.

"எந்தக் குழம்பு?" என்று கேட்டது. பினாங்குக்காரன் ஆயிற்றே, மீன், கோழி, பருப்பு மூன்றையும் அழுத்தினேன்.

வீட்டுக்கு மூன்று பொட்டலம் சோறு வந்தது.

கடைக்கே போய்க் கேட்டேன்.

"ஒவ்வொரு குழம்புக்கும் புரோகிராம்ல ஒரு தனிப் பாதை போட்டேன் சார்," என்றாள் ஷபீனா. " ஒவ்வொண்ணும் தனியா சோறு கட்டச் சொல்லிடுச்சு. இன்னொரு தப்பு வந்தா அத்தா இந்த வாட்ஸ்அப் ஆர்டரையே நிறுத்திடுவாராம்."

நான் ஆசிரியன்; மூன்று மாணவர்களிடம் தனித்தனியே சாக்பீஸ் கேட்டால் மூன்று பெட்டி வருமே, அதே கதை.

சோறு கட்டச் சொல்லும் படிக்கு முன்பே மூன்று பாதைகளையும் ஒன்றாகச் சேர்த்தாள். மறுபடி மூன்றையும் அழுத்தினேன். ஒரே பொட்டலம்!

கடைக்காரரான அவள் அத்தா எட்டிப் பார்த்தார். "இது கலந்து ஊத்துற ஊருன்னு மெஷினுக்கு இப்பத்தான் புரிஞ்சுது லா. சரி, இருக்கட்டும்."

என்னிடம் இப்போது நான்கு பொட்டலம். சாப்பிட யார் வருகிறீர்கள்?