கல்யாணத்துக்குப் போன படகு

டோங்காவின் ஹாபாய் தீவுகளில், எங்கள் பக்கத்தில் பயணிகள் படகு ஓட்டும் பெண் மெலியானே ஒருத்திதான். புருஷன் ஆப்பிள் பறிக்க நியூசிலாந்து போனபோது படகு அவள் கைக்கு வந்தது. ஆரம்பத்தில் மோட்டார் நின்றால் அதை வாயார வைதுவிட்டு, யாராவது இழுத்துப்போக வரும்வரை காத்திருப்பாள். பிறகு வைதுகொண்டே கழற்றிப் பார்க்கவும் பழகிவிட்டாள்.

போன சனிக்கிழமை அடுத்த தீவில் கல்யாணம். படகில் கல்யாணப் பெண்ணின் அத்தை சேய்னி, அவள் கொண்டுவந்த சுட்ட பன்றி, சீர்ப் பாய்க்கட்டுகள், முன்னால் மீன்பித்தன் விலியாமி. நடுவழியில் மோட்டார் குலுங்கி விக்கியது.

"என்னடி, உன் மோட்டாருக்கு இருமலா?" என்றாள் சேய்னி.

"மிஸ்ஸிங் அடிக்குது அத்தை. ரெண்டு ஸ்பார்க் பிளக்குல ஒண்ணு படுத்துடுச்சு."

"நான் போகாம அங்க எதுவும் தொடங்காது, தெரியும்ல?"

"அப்ப என்ன அவசரம்? காத்திருப்பாங்க."

மூடியைத் திறந்து, ரப்பர் பிடி போட்ட குறடால் மேல் பிளக்கின் வயரைப் பிடுங்கினாள். மோட்டார் அடங்கிவிட்டது. அதை மாட்டி மறுபடி கிளப்பி, கீழ் வயரைப் பிடுங்கினாள். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கோளாறு கீழே. மோட்டாரை அணைத்துக் கழற்றினால், பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தது. வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல். திங்கட்கிழமை புதிதாகப் போட்டது! மாற்று பிளக்கும் கையில் இல்லை.

இதற்குள் தூண்டில் போட்டிருந்த விலியாமி ஒரு மீனை மேலே இழுத்தான். தூண்டில் நரம்பில் ஈயக்குண்டுக்குப் பதிலாகத் தொங்கியது, மெலியானே திங்கட்கிழமை கழற்றி எறிந்த பழைய பிளக்.

"விலியாமி, அதைக் குடு."

"மீனையா?"

"மீனை நீயே வச்சுக்க. குண்டைக் குடு."

"ராசியான குண்டு அக்கா! போட்டதும் கடிச்சுது பார்த்தேல்ல?"

"குண்டைத் தர்றியா, நீந்திப் போறியா?"

"குடுத்துத் தொலைடா, பன்றி ஆறுது!" என்றாள் சேய்னி.

மெலியானே குடிதண்ணீரில் பிளக்கின் உப்பைக் கழுவி, பெட்ரோலில் அலசி, கத்தியால் கரியைச் சுரண்டினாள். தீப்பெட்டி அட்டையை நுனியில் நுழைத்து, பொறி பாயும் இடைவெளி சரியா என்று பார்த்தாள். விலியாமி கல்யாணத்துக்குக் கட்டிவந்த வேட்டி ஓரத்திலேயே துடைத்து முடுக்கினாள். இரண்டாவது இழுப்பில் மோட்டார் விக்கலில்லாமல் ஓடியது. விரிசல் விட்ட பிளக் தூண்டிலுக்குப் போனது.

கரை சேர்ந்ததும், தானே கழற்றி மாட்டியதுபோல் சேய்னி எல்லோரிடமும் கதை அளந்தாள். மெலியானேவுக்கு நல்ல பசி. தேங்காய்ப்பாலில் வெந்த இலைப்பொட்டலம் ஒன்றைப் பிரித்துக்கொண்டு நிழலாகப் பார்த்து உட்கார்ந்தாள்.