கிரீஸுக்கடியில் ஒரு பொட்டு

“ஏட்டி, பட்டறையில நான் ஏன் அழுதேன்னு தெரிஞ்சி நீ என்ன செய்யப் போற?” என்று பேத்தியை ஏசிவிட்டுத்தான் சொன்னேன்.

பேட்டைப் பட்டறையில் பேரன் சங்கர் என் அப்பாவின் பழைய காரைக் கழற்றிப் போட்டிருந்தான். மணலைப் பீய்ச்சித் துருவெடுக்கும் முன்னால், அடிச்சட்டத்தில் அப்பியிருந்த கிரீஸைச் சுரண்டினான்.

“லே, என்னையும் மணல வச்சி அடிச்சிரு. கொமரியாயிருவேன்.”

சிரித்தபோதுதான் அந்தக் கிரீஸ் வாடை மூக்கில் ஏறியது.

அப்பா வெளியூர் கிளம்பும்போதெல்லாம் அம்மா காருக்கடியில் தலையை நுழைத்து, சட்டத்தில் குங்குமம் வைப்பாள். சேலையெல்லாம் இந்த வாடைதான்.

“காருக்கு எதுக்குடி பொட்டு?” என்பார் அப்பா.

“எம் பொட்டு நெலைக்கத்தான்.”

ஏரலுக்குப் போன அன்று, அப்பாவைப் பிணமாகத்தான் கார் கொண்டுவந்தது. அம்மா அதன்பிறகு குங்குமத்தைத் தொடவில்லை. காரையும் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

சங்கர் சுரண்டிய இடத்தில், கிரீஸுக்கடியில், செக்கச்செவேலென்று ஒரு பொட்டு. அம்மாவின் விரலகலம்.

“லே, சட்டத்து நம்பர் அழியக்கூடாதுன்னு டேப் ஒட்டுனியே, அதே மாதிரி இங்கனயும் ஒட்டுலே.”

“ஒட்டுனா அங்கனயிருந்தே துரு புடிக்கும், ஆச்சி.”

மணல் அடித்து முடித்ததும் வெறும் இரும்புதான் வெளுத்து நின்றது.

கண் ஏன் சிவந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரிகள் கேட்டார்கள்.

“கார் பளபளன்னு ஆயிட்டு. எங்கண்ணுலதான் மணலு விழுந்துட்டு” என்றேன்.